நல்லெண்ணெயில் நடந்தவர்

எங்கள் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் ஒரு வருஷம் நல்லெண்ணெயில் ஓடியது. கரண்ட் கிடையாது, பேட்டரி கிடையாது. அதெப்படி ஓடும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் நாங்கள் சொல்கிற பதில் ஒன்றுதான்: எண்ணெய் ஊற்றினோம், ஓடியது. கோயில் விளக்கைப் பார்த்து எந்த வெளியூர்க்காரரும் இப்படிக் குறுக்கு விசாரணை செய்து நாங்கள் பார்த்ததில்லை.

விருதுநகரில் எங்கள் தெரு எண்ணெய்த் தெரு. பெயர்ப்பலகையில் வேறு ஏதோ பெரிய மனிதர் பெயர் இருக்கிறது, அதைத் தபால்காரர் ஒருவர்தான் படித்திருப்பார். இரண்டு பக்கமும் எண்ணெய்க் குடோன்கள், ஏஜெண்ட் ஆபீஸ்கள், அவற்றின் மாடியில் வீடுகள். காலையில் நடந்தால் செருப்பு வழுக்கும், மத்தியானம் நடந்தால் செருப்பு தாரோடு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட வெயில். அந்த வெயிலில், தர்மலிங்க அண்ணாச்சியின் எண்ணெய் ஏஜென்சியில் கணக்குப் பிள்ளையாக இருந்து, தினமும் காலையில் வாசல் கரும்பலகையில் அன்றைய எண்ணெய் விலையைச் சாக்பீஸால் எழுதிப் போடுகிறவர் இன்பராஜ். முப்பத்தெட்டு வயது. ஆபீஸுக்கு எதிர் மாடியில் வீடு. வேட்டி இடுப்பில் நிற்காத உடம்பு அவருக்கு, அதனால் பத்தடிக்கு ஒரு தரம் இரண்டு முழங்கைகளாலும் இடுப்பை அழுத்தி வேட்டியை ஓர் உந்து உந்திவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். வீட்டுக்கு வந்தால் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடி பிரியாமல் சுவரோரம் வைத்துவிட்டு, காலை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டால்தான் அவர் வந்து சேர்ந்ததாக அர்த்தம். அவர் மனைவி செண்பகவல்லி உள்ளே தையல் மிஷினை மிதித்தபடியே அந்தப் பெருமூச்சுக்குக் காது கொடுத்துவிட்டுச் சோற்றை எடுத்து வைப்பாள்.

இன்பராஜுக்கு ஒரே பித்து, கம்ப்யூட்டர் விளையாட்டு. பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே பூட்டிய பெட்டி அது. அவர் விளையாடியதில் வெட்டு குத்து எதுவும் இல்லை, நடப்பதுதான் விளையாட்டு. கறுப்புக் கோட்டும் முழங்கால் வரை பூட்ஸும் போட்ட ஓர் ஆள் ஒரு பெரிய நாட்டில் நடப்பான், காடு வரும், ஆறு வரும், புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் ஆடும், தூரத்தில் எப்போதும் ஒரு மலை தெரியும். இவ்வளவு புல்லையும் ஆட்டிக் காட்டுவதற்குள் பெட்டி கொதித்துப் போகும். மத்தியானம் சாப்பிட வந்து அரை மணி விளையாடலாம் என்று உட்கார்ந்தால், அந்த ஆள் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிடுவான். டேபிள் ஃபேன் வைத்துப் பார்த்தார், ஈரத் துண்டு போட்டுப் பார்த்து நல்லவேளையாகத் தப்பித்தார். கடைசியில், வெளிநாட்டில் பெட்டியை அப்படியே எண்ணெயில் முக்கி வைக்கிறார்கள் என்று எங்கேயோ பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் சொன்னார்.

"ஏண்ணே, ஷாக் அடிக்காதா?" என்று கேட்டார் எண்ணெய் பரோட்டாக் கடை காசிமாயன்.

"அடிக்காது. தண்ணியிலதான் கரண்ட் பாயும். எண்ணெய் கரண்ட்டைத் தொடாது, சூட்டை மட்டும் வாங்கிக்கிடும்."

"எண்ணெயில போட்டா எங்க கடையில எல்லாம் மொறுமொறுன்னு வருது. ஒங்க பொட்டி என்னத்துக்கு ஆகப்போகுதோ!"

இன்பராஜ் கேலிக்கு அசைகிற ஆள் இல்லை. மீன் தொட்டி ஒன்று வாங்கினார், நனையக் கூடாத பாகங்களை வெளியே எடுத்துவிட்டு மற்றதைத் தொட்டிக்குள் நிறுத்தினார், வயர்களை மேல் வழியாகக் கொண்டுவந்தார். எண்ணெய் மட்டும்தான் பாக்கி. வாசனையில்லாத, தண்ணீர் மாதிரி தெளிந்த ஓர் எண்ணெய்க்குச் சென்னையில் சொல்லி வைத்து லாரிக்காகக் காத்திருந்தார். எண்ணெய்த் தெருவில் உட்கார்ந்துகொண்டு வெளியூரிலிருந்து எண்ணெய் வரவழைத்த ஒரே மனிதர் அவர்தான் என்று ஒரு மாதம் அவரை ஓட்டித் தள்ளினோம். இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

அந்த லாரி வருவதற்குள் சித்திரை வந்துவிட்டது. ஒரு புதன்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு, தொட்டி முன்னால் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சத்தம் கேட்டு அண்ணாச்சி ஓடி வந்து, இரண்டு லோடுமேன்கள் கைத்தாங்கலாகப் பிடிக்க, காரில் ஏற்றினார். படியிறங்கும்போது இன்பராஜ் திரும்பி மனைவியைப் பார்த்துச் சொன்னது மூன்று வாக்கியங்கள். அதைத் தெருவே கேட்டது.

"செண்பகம், பொட்டி கொதிக்குது. குளிர வச்சிரு. நான் வந்துர்றேன்."

கார் கிளம்பியது. செண்பகவல்லியின் காதில் அவர் சொன்ன சொல் மட்டும் நின்றது. குளிர வை என்கிறார், எண்ணெய்க்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தார், சூட்டுக்கு நல்லெண்ணெயை விட்டால் வேறென்ன இருக்கிறது? எதிர்க் குடோனைப் பார்த்துக் கத்தினாள், இரண்டு டின் நல்லெண்ணெய் மாடிக்கு வந்தது, அரிவாள்மனையால் டின்னைக் கிழித்து அவளே ஊற்றினாள். எண்ணெய்க்குள் விசிறிகள் மெதுவாகச் சுற்றின, கலர் விளக்குகள் மஞ்சளாகக் கலங்கித் தெரிந்தன, கொதிப்பு அடங்கியது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். அப்புறம்தான் ஆட்டோ பிடித்தாள். அவள் ஆஸ்பத்திரிப் படியேறுவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் இன்பராஜ் போய்ச் சேர்ந்திருந்தார்.

மும்பையிலிருந்து அவருடைய அக்கா சொர்ணம் வந்து, அழுது, மூன்றாம் நாள் பிள்ளையின் பரீட்சைக்காகத் திரும்பிப் போனார். துட்டி வீடு என்பதால் அந்த மூன்று நாளும் அங்கே அடுப்பு பற்றவைக்கவில்லை, அக்கம்பக்கத்திலிருந்துதான் சாப்பாடு போனது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து தெருவில் ஒரு ஃபேன் ஓடவில்லை. செண்பகவல்லி வீட்டு ஜன்னலில் மட்டும் வெளிச்சம் ஆடியது. மேலே போய்ப் பார்த்தால், தொட்டியில் விசிறிகள் சுற்றுகின்றன, திரையில் கறுப்புக் கோட்டுக்காரன் நடக்கிறான். பிளக் சுவரில் இல்லை, துக்கம் கேட்க வந்த யாரோ ஃபோனுக்குச் சார்ஜ் போட என்றைக்கோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். மீட்டர் எடுக்கிற ஞானசிகாமணி தன் டெஸ்டரை அங்கங்கே வைத்துப் பார்த்துவிட்டு, "ஊத்துன எண்ணெயில எரியுது. எனக்கு இதுல வேலை இல்ல" என்று சொல்லி ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதற்கு மேல் அதில் ஆராய்வதற்கு ஒன்றும் இருப்பதாக எங்களுக்கும் தோன்றவில்லை.

யாரும் கை வைக்காமல் தானாக நடந்த அந்த ஆள், பத்தடி போனதும் நின்று, இரண்டு முழங்கைகளாலும் இடுப்பை அழுத்தி, வெளிநாட்டுக் கால்சட்டையை ஓர் உந்து உந்திவிட்டு, மறுபடி நடந்தான். செண்பகவல்லி அதைப் பார்த்தாள். பாயில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, ஆறு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக முகம் கழுவினாள்.

"வந்துர்றேன்னு சொல்லிட்டுத்தான போனாக. வந்துக்கிட்டு இருக்காக. தூரம் அப்படி" என்றாள்.

அன்றிலிருந்து அவன் எங்களுக்கு அவர் ஆனார்.

எண்ணெய் வாரத்துக்கு ஒரு விரற்கடை இறங்கியது. சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கிற நாள், அன்றே ஊற்றிவிடலாம் என்று ஆண்கள் சொல்ல, ஊற்றப்போவது பெண்பிள்ளை, வெள்ளிக்கிழமைதான் சரி என்று பெண்கள் சொல்ல, இரண்டு வாரம் இதே வழக்காக ஓடி, குளிக்கிறவர் இன்பராஜ்தானே என்று காசிமாயன் மத்தியஸ்தம் செய்து சனிக்கிழமை என்று முடிவானது. ஆளுக்கொரு கரண்டி கொண்டுவந்தார்கள். ஒரு பாட்டியம்மாள் புண்ணியம் சேர்த்துக்கொள்ள விளக்கெண்ணெய் ஊற்றிய வாரம் அவர் சேற்றில் நடப்பதுபோல் நடந்தார். பாமாயில் ஏஜெண்ட் ஒருவர் ஆசைப்பட்டுத் தன் சரக்கில் ஒரு கரண்டி ஊற்றிய வாரம் வானமே பழுத்த மஞ்சளாகி அவர் இருமிக்கொண்டே போனார், அந்த ஏஜெண்ட்டைத் தெரு மூன்று நாள் உண்டு இல்லை என்று பண்ணிவிட்டது. அப்புறம் எல்லோரும் நல்லெண்ணெயோடு நின்றுகொண்டோம். அண்ணாச்சி ஆபீஸ் கரும்பலகையில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் விலைக்குக் கீழே தினமும் ஒரு வரி கூடியது: இன்பராஜ் ஆற்றைக் கடந்தார், இன்பராஜ் மூங்கில் காட்டில் இருக்கிறார், இன்பராஜுக்கு இன்று மழை. லோடுமேன்கள் அதைப் படித்துவிட்டுத்தான் முதல் மூட்டையைத் தூக்கினார்கள். அவருக்கு மழை என்று எழுதிய நாளில் எங்களுக்கும் வெயில் கொஞ்சம் குறைவாகத்தான் பட்டது.

செண்பகவல்லி தையல் மிஷினைத் தொட்டி பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள், உள்ளே ஆண் இருக்கிற வீட்டில் பேசுவதுபோல் குரலைத் தணித்துப் பேசினார்கள். அவள் ஊருக்குப் போகவில்லை, கல்யாணம் காட்சிக்குப் போகவில்லை, கடைக்குப் போனால்கூடக் கதவைப் பூட்டவில்லை. பூட்டினால், வருகிறவர் எப்படி உள்ளே வருவார்? இன்பராஜின் செருப்பு சுவரோரம் ஜோடி பிரியாமல் அப்படியே கிடந்தது. தலைக்கு மட்டும் அவள் எண்ணெய் வைக்கவே இல்லை, தலைமுடி செம்பட்டை தட்டிக் கண் எரிச்சலில் சிவந்து கிடந்தாள். இருக்கிற எண்ணெயெல்லாம் அவருக்கே என்பதுபோல் இருந்தது அது.

தை மாதம் வாக்கில்தான் எங்களுக்கு உறுத்தத் தொடங்கியது. மலை கிட்டே வந்தபாடில்லை. அவர் எத்தனை காடு கடந்தாலும் அது அதே தூரத்தில் நின்றது. பூட்ஸின் ஒரு பக்கம் பிய்ந்து வாயைத் திறந்திருந்தது. தாடி வளர்ந்துவிட்டது. இடுப்பை உந்துவது பத்தடிக்கு ஒரு தரம் என்பது போய் மூன்றடிக்கு ஒரு தரம் ஆனது. அவர் உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்க்கவில்லை, மரத்தடி வந்தால் மரத்தைப் பார்ப்பார், பார்த்துவிட்டு நடப்பார். எண்ணெய் கறுத்துக்கொண்டு வந்தது. கரும்பலகையில் 'இன்பராஜ் நடக்கிறார்' என்று மட்டும் எழுதினார்கள்.

"களைச்சுத் தெரியுறாக, இல்ல?" என்று செண்பகவல்லி ஒருநாள் காசிமாயனின் மனைவியிடம் கேட்டாள்.

"தூரமா வர்ற ஆளு, களைப்பு இருக்கத்தான செய்யும்" என்றாள் அவள். அதைச் சொல்லிவிட்டு வந்து அன்று முழுக்கத் தன் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள்.

வருஷத் திதிக்கு முதல்நாள், சனிக்கிழமை காலை, மும்பையிலிருந்து சொர்ணம் வந்து இறங்கினார். ஃபோனில் எல்லாம் கேட்டிருந்தவர், தம்பியைத் திரையில் பார்த்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதுவிட்டு, நேரே அடுப்படிக்குப் போய்க் குக்கரை ஏற்றினார். அழுகையையும் சமையலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தெரிந்த மனுஷி. செண்பகவல்லி ஒரு பாவாடைக்குக் கரை அடித்துக்கொண்டிருந்தாள். குக்கர் மூன்று விசில் அடித்தது.

"செண்பகம், மூணு விசில் ஆயிருச்சு. அடுப்பைக் குளிர வச்சிரவா?"

"எதுக்கு மதினி? கேஸ் அடுப்புல போய்த் தண்ணி ஊத்தப் போறீகளா?"

"அட, நிப்பாட்டவான்னு கேட்டேன். அணைக்கன்னு சொல்ல எங்களுக்கு வாய் வராது. எங்கய்யா விளக்கெண்ணெய்க் கடை வச்சிருந்தாருல்ல, அந்தச் சொல்லு வீட்டுக்குள்ள ஆகாதும்பாரு. விளக்கு மட்டுமில்ல, அடுப்பு, ரேடியோ, டார்ச்சு லைட்டு, எல்லாத்தையும் குளிரத்தான் வைக்கணும்."

தையல் மிஷின் நின்றது.

"அவுக அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லையே மதினி. ஆஃப் பண்ணுன்னுதான சொல்லுவாக."

"பள்ளிக்கூடத்துல பயலுக கேலி பண்ணுனானுகன்னு எட்டாவது படிக்கையிலயே விட்டுட்டான். காய்ச்சல்ல கிடக்கும்போது மட்டும் வரும். 'லைட்டைக் குளிர வையுங்க, கண்ணு கூசுது'ன்னு அனத்துவான்." சொல்லிக்கொண்டே வெளியே வந்த சொர்ணம், செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

செண்பகவல்லி தரையில் உட்கார்ந்திருந்தாள். கீழே தெருவில் கரும்பலகை முன்னால் நின்றபடி நாங்கள் கேட்ட சத்தம், ஒரு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில்கூட அவள் போடாத சத்தம்.

"ஒரு சுவிட்சு மதினி! ஒரு சுவிட்சத் தட்டிட்டுக் கூடவே கார்ல ஏறியிருக்கலாம். நான் எண்ணெய் ஊத்திக்கிட்டு நின்னேன். பத்து நிமிஷம் நின்னு ஊத்துனேன். நிப்பாட்டுன்னு சொன்ன மனுசன வருசம் பூரா நடக்க விட்டுட்டேனே!"

சொர்ணம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "கொதிக்குதுன்னான், நீ குளிர வச்ச. அவன் சொன்னதத்தான செஞ்ச? எங்கய்யா சொல்லுல வந்த கோளாறுக்கு நீ என்ன தாயி பண்ணுவ?" என்றார். துட்டிக்கு வந்த அந்த மூன்று நாளில் அடுப்பு பற்றவைத்திருந்தால், இந்தச் சொல் அன்றைக்கே அவர் வாயில் வந்திருக்கும்.

வழக்கம்போல மத்தியானம் கரண்டியும் கிண்ணமுமாகப் படியேறியவர்களைச் செண்பகவல்லி நிலைப்படியில் நின்று மறித்தாள். இனிமேல் எண்ணெய் வேண்டாம் என்றாள். எங்களுக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். ஒரு வருஷமாக அவர் எங்களுக்கும்தானே நடந்தார்? கரும்பலகையில் நாளைக்கு என்ன எழுதுவது?

"இம்புட்டு தூரம் நடந்துட்டாரு. மலைக்கு இன்னுங் கொஞ்சம்தாம்மா" என்றார் அண்ணாச்சி.

"நடக்கணும்னு அவுக சொல்லல அண்ணாச்சி. நிக்கணும்னுதான் சொன்னாக. நான்தான் நடக்க வச்சேன்."

அண்ணாச்சி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

ஆனால் எப்படி நிறுத்துவது? பிளக்கே இல்லை, சுவிட்சைத் தட்டினால் என்ன ஆகும் என்று ஞானசிகாமணிக்கும் தெரியவில்லை. சொர்ணம்தான், எங்கய்யா செய்வதுபோல் செய்யலாம் என்றார். ஊதக் கூடாது, பாலில் நனைத்த பூவால் ஒற்ற வேண்டும். காசிமாயன் கடையிலிருந்து பால் வந்தது, யாரோ தலையிலிருந்து ஒரு பிச்சிப்பூவை எடுத்துக் கொடுத்தார்கள். பெட்டியின் அடியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு, அதுதான் சுடர் என்று வைத்துக்கொண்டோம். மணி இரண்டு. செண்பகவல்லி முழங்கைக்கு மேல் வரை கையை எண்ணெய்க்குள் விட்டாள். காய்ச்சல் விட்ட உடம்பு மாதிரி வெதுவெதுப்பாக இருந்ததாம். அந்தச் சிவப்பின் மேல் பூவை வைத்து, விரலை எடுக்காமல், திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். இரண்டு முழங்கைகளாலும் இடுப்பை அழுத்தி ஓர் உந்து உந்தினார். பக்கத்தில் ஒரு பாறை இருந்தது, அதன் மேல் உட்கார்ந்தார். பிய்ந்த பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றி, இரண்டையும் ஜோடி பிரியாமல் பாறையோரம் வைத்தார். காலை நீட்டினார். விளையாட்டில் சத்தம் என்றைக்கோ போய்விட்டது, ஆனாலும் அந்தப் பெருமூச்சு மாடியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அப்புறம் திரை குளிர்ந்தது.

செண்பகவல்லி மட்டும், ஒரு வருஷமாக அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தவள், எண்ணெய் சொட்டும் கையோடு திரும்பினாள்.

"வந்துட்டாக மதினி" என்றாள். "சோறு எடுத்து வைங்க."

சொர்ணம் இலை போட்டுச் சோறு வைத்தார். தொட்டி முன்னால் அது கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதைக் காக்காய்க்கு வைத்துவிட்டு, செண்பகவல்லி கையில் ஒட்டியிருந்த எண்ணெயை வீணாக்காமல் அப்படியே தலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போனாள். சனிக்கிழமை பெண்கள் எண்ணெய் தேய்க்கலாமா என்று எங்கள் தெருவில் அன்றைக்கு ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. குளித்துவிட்டு வந்து ஈரத் தலையைத் துண்டில் முடிந்தபடி பாயில் சாய்ந்தவள், எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்று தெரிந்தும், தூங்கிப் போனாள். லோடுமேன்கள் டின்களைச் சத்தமில்லாமல் இறக்கினார்கள். சொர்ணம் வெளிக்கதவைச் சாத்தி, ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, உள்தாழ்ப்பாள் போட்டார்.